இல்லாதவனுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்லும் டெஸ்டுகள்



என்னிடம் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்தவர்களில் பலர் இன்று சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறீர்கள். போனில் பேசும்போதெல்லாம் ஒரே புலம்பல்தான்: “சார், நேற்று ஓடிய டெஸ்ட் இன்று ஓடவில்லை. ஸ்கிரீனில் எதுவுமே மாறவில்லை.” பல நேரம் இதற்குக் காரணம், ஒரு பட்டனை எதை வைத்து அடையாளம் காண வேண்டும் என்ற செட்டிங்கை யாரும் திறந்துகூடப் பார்க்காததுதான் என்பது என் கருத்து. அது சின்ன விஷயம் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறு துறையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்ப்பதற்குப் பதில் ஒரு நிரல் அழுத்திப் பார்ப்பதுதான் ஆட்டோமேஷன் டெஸ்டிங். பெரும்பாலும் அந்த நிரலுக்குக் கண் கிடையாது. “பணம் அனுப்பு” என்ற பட்டனை அதன் பண்புகளை வைத்துத்தான் தேடும்: ஐடி, பெயர், வகை, மேலே எழுதியிருக்கும் சொல், பக்கத்தில் இருக்கும் இடம்.

நம் வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். “செந்தில்” என்று கூப்பிட்டால் இரண்டு பேர் எழுந்திருப்பார்கள். உடனே இனிஷியலைச் சேர்ப்போம். அதுவும் ஒன்றாக இருந்தால் அப்பா பெயர். எதுவும் உதவாவிட்டால் “மூன்றாவது பெஞ்ச், ஜன்னலோரம்”. கியூ.டி.பி. என்று வந்து பிறகு யூ.எஃப்.டி. என்று பெயர் மாறிய டூல் இதே வரிசையில்தான் போகிறது. முதலில் கட்டாயப் பண்புகள். போதாவிட்டால் துணைப் பண்புகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும். அதிலும் தீராவிட்டால் வரிசை எண். எந்தப் பண்பு எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை ஆப்ஜெக்ட் ஐடென்டிஃபிகேஷன் திரையில் நாமே மாற்றலாம்.

மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? பெஞ்சை வைத்து அடையாளம் சொன்னால், புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்த அன்றே கணக்கு தப்பும். பக்கத்தில் ஒரு விளம்பரம் புதிதாக வந்தால் நாலாவது பட்டன் ஐந்தாவது ஆகிவிடும். ஐடியும் எப்போதும் நம்பத்தக்கதல்ல. சில பக்கங்கள் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய எண்ணோடு ஐடி கொடுக்கின்றன. இன்று பட்டன்-4821, நாளை பட்டன்-5307. அதைக் கட்டாயப் பண்பாக வைப்பது, பையனை அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை வைத்து அடையாளம் சொல்வது போல.

ஒரே அடையாளத்துக்கு இரண்டு பேர் பொருந்தினால் என்ன என்பதில் டூலுக்கு டூல் குணம் வேறு. 2004-இல் பிறந்த செலீனியத்தில் ஒரு பொருளைத் தேடச் சொன்னால், பொருந்துவதில் முதலாவதை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட், அழுத்த வேண்டிய பட்டனுக்கு இரண்டு பொருந்தினால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். பிளேரைட் கண்டிப்பானது என்று அலுத்துக்கொள்கிறீர்கள். “எந்த செந்தில்?” என்று கேட்கிற வாத்தியார்தான் நல்ல வாத்தியார் என்பேன்.

எனக்கு உண்மையில் கவலை தருவது இன்னொன்று. யூ.எஃப்.டி.யில் ஸ்மார்ட் ஐடென்டிஃபிகேஷன் என்று ஒரு வசதி உண்டு. சொன்ன அடையாளத்தில் பட்டன் கிடைக்காவிட்டால், அந்த அடையாளத்தை ஒதுக்கிவிட்டு வேறு பண்புகளை வைத்துச் சலித்து, மிஞ்சும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். இப்போது பல டூல்களில் செல்ஃப் ஹீலிங் என்ற பெயரில் இதே எண்ணம் வருகிறது. இரவில் ஓடும் டெஸ்ட் நடுவில் நிற்காமல் இருக்க இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் “பணம் அனுப்பு” பட்டனே காணாமல் போயிருக்கும்போது, டூல் “பணம் கேள்” பட்டனை அழுத்திவிட்டு எல்லாம் பச்சை என்று அறிக்கை கொடுத்தால்? செந்தில் வராத அன்று பக்கத்துப் பையன் “உள்ளேன் ஐயா” சொன்ன கதைதான். வராதவனுக்கு ஆப்சென்ட் போடத்தானே அட்டெண்டன்ஸ்? அப்படி ஆள் மாற்றி எடுத்தால் யூ.எஃப்.டி. அறிக்கையில் எச்சரிக்கை இருக்கும். அந்த மஞ்சள் வரியை உங்களில் எத்தனை பேர் படிக்கிறீர்கள்?

சரி, எதை வைத்துத்தான் அடையாளம் சொல்வது? பயன்படுத்துகிறவர் எதை வைத்துத் தெரிந்துகொள்கிறாரோ அதை வைத்து. இது ஒரு பட்டன், இதன் பெயர் “பணம் அனுப்பு”. பிளேரைட்டும் இப்படி வகையும் பெயரும் கொண்டு தேடுவதைத்தான் பரிந்துரைக்கிறது. இதில் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான்களும் அதே வகையையும் பெயரையும்தான் வாசித்துச் சொல்கின்றன. பார்வையற்ற என் பழைய மாணவர் ஒருவர் ஓர் இணையப் படிவத்தை நிரப்ப முயன்றார். அவருக்குக் கேட்டதெல்லாம் “பட்டன், பட்டன், பட்டன்” மட்டும்தான். எந்தப் பட்டனுக்கும் பெயர் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையனிடம் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்தை ஒரு டெஸ்டர் பெயரை வைத்துத் தேடியிருந்தால் முதல் நாளே டெஸ்ட் விழுந்திருக்கும். “நாலாவது பட்டன்” என்று எழுதினால் டெஸ்ட் பாஸாகும், மனிதர் தவிப்பார்.

“தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிற தளத்தில் பெயர் மாறுமே சார்” என்று கேட்பீர்கள். நியாயம். அங்கே டெஸ்டுக்கென்றே மாறாத ஒரு ஐடியை டெவலப்பரிடம் கேட்டு வாங்குங்கள். பள்ளியில் எமிஸ் எண் மாதிரி: பெஞ்ச் மாறினாலும் வகுப்பு மாறினாலும் அது மாறாது. ஆனால் எல்லாவற்றையும் அந்த எண்ணை வைத்தே தேடினால் பெயரில்லாத பட்டன் மறுபடி தப்பித்துவிடும். முக்கியமான சில டெஸ்டுகளாவது பெயரை வைத்துத் தேடட்டும்.

டெட்லைன் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ரெக்கார்டு செய்து ஓடவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். ஆனால் புது புராஜெக்டின் முதல் நாளில் அரை மணி நேரம் அந்த செட்டிங்கில் உட்காருங்கள். மாறக்கூடிய பண்புகளைத் தூக்குங்கள். வரிசை எண்ணைக் கடைசிப் புகலிடமாக மட்டும் வையுங்கள். ரிலீஸுக்கு முந்தைய ஓட்டத்தில் ஆள் மாற்றும் வசதியை அணைத்துவிடுங்கள். டெஸ்ட் விழுந்தால் விழட்டும். விழ வேண்டிய இடத்தில் விழுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

இந்த வேலையில் இருப்பவர்கள் மாற்றுக் கருத்து இருந்தாலும் கீழே எழுதுங்கள். இப்போது வாத்தியார் பரீட்சை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணினி வாத்தியார்