இல்லமும் சுற்றமும்: நம் மனையில் நிற்கும் முள்



சேலையூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவர் வீட்டை அடுத்த வெற்று மனையில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறதாம். மனைக்கு உரியவர் யார், எங்கே இருக்கிறார் என்பது தெருவில் எவருக்கும் தெரியாதாம். பாம்பு நடமாட்டம் உண்டு. முள் தைத்துக் கால் வீங்கிய பிள்ளை ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. 'என்ன செய்யலாம்?' என்று கேட்கிறார். கடிதத்தைப் படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் தேடும் அந்த உரிமையாளரைப் போல நானும் ஒரு காலத்தில் இருந்தவன்.

1994இல், தம்மாமில் வேலை பார்த்த காலத்தில், பெருங்களத்தூருக்கு மேற்கே ஒரு மனை வாங்கினேன். விடுமுறையில் வரும்போதெல்லாம் நான்கு எல்லைக் கற்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவேன். பிறகு அதுவும் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கிய செய்தியைக் கேட்டு, மறு ஆண்டு ஊர் வந்து மனையைத் தேடிப் போனேன். கற்களைக் காணவில்லை, காடுதான் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்து, "நீங்கதான் இதுக்கு ஓனரா பாய்? எத்தனை வருஷமா உங்களைத் தேடறோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவருடைய மதிற்சுவரைக் கிளைகள் தள்ளிச் சாய்த்திருந்தன. தம் வீட்டுக் கொல்லைக் கதவை அவர் திறந்தே மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாதையில் கிடந்த முட்கிளையை அப்புறப்படுத்திய ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்னும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதை எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டுக் கண் கலங்கியவன் நான். அந்த மனிதர் அகற்றியது வழியில் கிடந்த முள். இங்கே நின்றதோ என் பட்டாவில் வளர்ந்த முள்.

இம்மரம் நம் மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்தது. 1877இல் ஜமைக்கா தீவிலிருந்து விதை தருவித்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை மாவட்டத்தில் கமலாபுரத்தில் நட்டார்கள். வறண்ட நிலத்தில் விறகுக்கு உதவட்டும் என்பது நோக்கம். உதவவும் செய்தது, இராமநாதபுரம் சீமையில் இன்றும் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் இது உறிஞ்சிவிடுகிறது என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள், அது வெறுங்கதை. ஆனால் வேர் மிக ஆழம் போகும், தன் கீழே பிற செடிகளை எளிதில் வளரவிடாது என்பவை உண்மை. நெற்று இனிப்பானது. ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு வெளிவந்து முளைக்கும். வெள்ளநீரும் நெற்றைச் சுமந்து செல்லும். ஏரிக்கரையில் நின்ற மரத்தின் பிள்ளைகள் நம் மனைக்கு இப்படித்தான் வந்து சேருகின்றன.

இனி, நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆட்களை வைத்துத் தரையோடு தரையாக வெட்டச் சொன்னேன். மனை வெளிச்சமாயிற்று, அம்மாளும் மகிழ்ந்தார். ஐப்பசி மழை பெய்ததும் ஒரு கட்டைக்கு ஐந்தாறு கிளைகளாகத் துளிர்த்து, முன்னிலும் நெருக்கமான புதராயிற்று. துளிர்க்கும் மொட்டுகள் மண்ணுக்குள் இருக்கும் தண்டின் அடியில், வேர் தொடங்கும் இடத்தருகே உள்ளன. அதைத் தொடாமல் மேலே வெட்டுவது கவாத்துச் செய்வதற்குச் சமம். குறைந்தது ஓர் அடி ஆழம் தோண்டி, அந்த அடிக்கட்டையையே எடுத்துவிட வேண்டும். அதற்குக் கீழே போகும் ஆணிவேரைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை. மழைக்குப் பின் மண் இளகியிருக்கும் நாட்களில் வேலை எளிது. மனை நடுவில் பொக்லைன் விடலாம். அண்டை வீட்டுச் சுவரை ஒட்டிய மரங்களைக் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஆட்களே எடுக்கட்டும். சிலர் கட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்வார்கள். சுற்றிலும் கிணறும் ஆழ்குழாயும் உள்ள தெருவில் அது வேண்டாம். வெட்டிய முள்ளை வாசலில் குவித்துக் கொளுத்தவும் வேண்டாம். விறகு வாங்குவோர் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்த பிறகும் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உறங்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். வெற்றிடமாக விடாமல் புங்கமும் வேம்பும் நட்டால் அவற்றின் நிழலில் முளைப்பது குறையும்.

சேலையூர்ச் சகோதரிக்கு: மனையின் சர்வே எண்ணைக் கண்டறிந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள், கிரயம் பதிவாகியிருந்தால் வாங்கியவரின் பெயர் அதில் இருக்கும். தெருவாசிகள் பலர் கையெழுத்திட்டு அவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். முதற்கடிதத்தில் வழக்கு, நீதிமன்றம் என்று மிரட்ட வேண்டாம். என்னைப் போல அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். மறுமொழி வராவிட்டால், 2021 முதல் உங்கள் பகுதியை நிர்வகிக்கும் தாம்பரம் மாநகராட்சியில் மனுக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். இம்மரங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் ஆணையிட்டதையும், அந்நியத் தாவரங்கள் குறித்து 2022இல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டதையும் மனுவில் குறிப்பிடலாம்.

இங்கிலாந்தில் ஜப்பானிய நாட்வீட் என்றொரு செடி இப்படியே வீட்டு மனைகளைப் பிடித்திருக்கிறது. அழகுக்காகக் கொண்டு வந்தது அது. வீட்டை விற்பவர் அச்செடி இருக்கிறதா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பக்கத்து நிலத்துக்குள் அது பரவினால் நிலத்துக்கு உரியவர் பொறுப்பாவார் என்று 2018இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மூர்க் கிரயப் பத்திரங்களில் எல்லைகளைத் தெளிவாக எழுதுகிறோம். எல்லைக்குள் என்ன வளர்கிறது என்பதை எழுதும் வழக்கம் இல்லை.

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும் மனை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தொலைபேசி எண்ணைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். அந்த அம்மாளின் சுவரை நான் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அவர் என்னைத் தேடிய ஆண்டுகளுக்கு என்ன கணக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. சென்ற ஐப்பசியில் பதினேழு கன்றுகள் பிடுங்கினேன். இரண்டை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். சுவருக்கு அப்பாலிருந்து அவர்தாம் காட்டினார்.