பதினாலு குடித்தனம், ஒரே மோட்டார்!

"மச்சி, மாசம் அஞ்சாயிரம் ரூபாய்க்கு ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்கிறோம். அதைப் பதினாலா பிரிக்கிறோம். ஒண்ணு எழுநூறுன்னு விடுறோம். உட்கார்ந்த இடத்துல காசு!"

ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, இப்படி ஒரு கணக்கு உங்க காலேஜிலும் இப்ப ஓடிக்கிட்டு இருக்கலாம். எங்க ரூமில் ஓடியது. நான், என் ரூம்மேட், ஒரு சீனியர் அண்ணன்... மூணு பேர் கூட்டணி. அதனால இந்த வாரம் அனுபவஸ்தன் பேசுகிறேன், கேட்டுக்கோங்க.

விஷயம் ரொம்ப சிம்பிள். திருவல்லிக்கேணியில் ஒரு பெரிய வீட்டை மொத்தமா லீசுக்கு எடுத்து, போர்ஷன் போர்ஷனா தடுத்து வாடகைக்கு விடுவாங்களே, அதேதான். ஒரே மெஷினுக்குள்ளே பல மெஷின் என்பது புதுசும் இல்லை. ஐ.பி.எம். 1972-லேயே விஎம்/370 என்று வெளியிட்டது. நம்ம மாதிரி பசங்க கைக்கு எட்டியது, லினக்ஸ் கெர்னலுக்குள் கேவிஎம் நுழைந்த 2007-க்கு அப்புறம்தான். ப்ராக்ஸ்மாக்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேரைப் போட்டால், பிரவுசரிலேயே க்ளிக் பண்ணி சர்வரைக் கூறு போடலாம்.

தடுப்புச் சுவரில் ரெண்டு வகை. கன்டெய்னர் என்றால் எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே கெர்னல். பொதுத் தண்ணித் தொட்டி மாதிரி. செலவு கம்மி, ஆனா தொட்டியில் யாராவது கை வைத்தால் எல்லாருக்கும் வயித்து வலி. கேவிஎம் என்றால் ஒவ்வொருத்தருக்கும் தனி கெர்னல், தனி மீட்டர். முன்பின் தெரியாதவருக்கு விற்பதாக இருந்தால் கேவிஎம் பக்கமே போங்க.

இப்ப கணக்கு. எங்க சர்வரில் 64 ஜி.பி. ராம், 16 த்ரெட், ஒரு டி.பி. டிஸ்க் ரெண்டு. டிஸ்க்கை ரெய்டு-1 போட்டால் ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கும், ஆக விற்கக் கிடைப்பது ஒரு டி.பி.தான். ராமில் எட்டு ஜி.பி. வீட்டுக்காரருக்கு. மீதி 56-ஐ நாலு நாலா வெட்டினால் பதினாலு. சி.பி.யு.வை ஒரு ஆளுக்கு ரெண்டு வீதம் 28 என்று கூட்டி விற்கலாம், எல்லாரும் ஒரே நேரத்தில் குளிக்கப் போவதில்லையே! ராமில் மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம். ராம் தீர்ந்தால் கெர்னல் ஏதாவது ஒரு பிராசஸைப் போட்டுத் தள்ளும். அந்த பிராசஸ், பணம் கட்டிய ஒருத்தரோட மொத்த சர்வராக இருக்கும்.

நாங்க கோட்டை விட்டது ஐ.பி. முகவரியில். ஐ.பி.வி.4-ல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான். நம்ம ஆசிய பசிபிக் பகுதியில் தாராளமாகக் கொடுப்பது 2011 ஏப்ரலோடு நின்றுபோச்சு. இப்ப ஒவ்வொன்றுக்கும் தனி வாடகை. எங்களுக்கு மாசம் 150. பதினாலுக்கு 2,100. ஆக செலவு 7,100, வரவு 9,800. மீதி 2,700-ஐ மூணு பேர் பிரித்தால் ஆளுக்கு தொள்ளாயிரம். அதுவும் பதினாலும் நிரம்பினால்! எங்களுக்கு நிரம்பவே நாலு மாசம் ஆச்சு.

அஞ்சாவது மாசம் செமஸ்டர் பரீட்சை. குடித்தனக்காரர்களில் ஒரு ஜூனியர், ரூட் பாஸ்வேர்டாகத் தன் பேரையும் 123-ஐயும் வைத்திருந்தான். எவனோ உள்ளே புகுந்து ராத்திரி பூரா ஸ்பாம் மெயில் அனுப்பியிருக்கிறான். சர்வர் கொடுத்த கம்பெனி, 'பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்து' என்று சீனியருக்கு மெயில் போட்டிருக்கிறது. அவர் விடிய விடிய படித்துக்கொண்டிருந்தார். மெயில் பார்க்கவில்லை. காலையில் மூணு பேரும் போனை அணைத்துவிட்டு ஹாலுக்குள் போய்விட்டோம். பத்தரைக்கு நெட்வொர்க் கட். ஒருத்தருக்கு இல்லை, பதினாலு பேருக்கும். கம்பெனியைக் குத்தம் சொல்ல முடியாது. அவங்களுக்குத் தெரிந்த குடித்தனக்காரர் நாங்க மட்டும்தானே!

ஒரு மணிக்கு வெளியே வந்து போனைப் போட்டால் 19 மிஸ்டு கால். அதில் பதினொன்று ஒரே நம்பர். ப்ளஸ் டூ பசங்களுக்கு ட்யூஷன் எடுக்கிற ஒரு சார். அன்றைக்குப் பதினோரு மணிக்கு அவரோட ஆன்லைன் டெஸ்ட், எங்க சர்வரில். அவர் திட்டவே இல்லை. "தம்பி, பசங்க ரெண்டு மணி நேரமா காத்திருக்காங்க. வருமா வராதான்னு மட்டும் சொல்லுப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் வந்தது.

அப்புறம் செய்தவை இவை. வெளியே போகும் 25-ம் நம்பர் போர்ட்டை எல்லாருக்கும் மூடினோம், கேட்டவருக்கு மட்டும் விசாரித்துத் திறந்தோம். பாஸ்வேர்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.ஹெச். கீ கட்டாயம் என்றோம். எச்சரிக்கை மெயில் மூணு பேருக்கும் போகிற மாதிரி மாற்றினோம். பேக்கப்பை வேறொரு ஊர் டேட்டா சென்டரில் வைத்தோம். ரெய்டு இருக்கே என்பீர்கள். 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுசா எரிந்தது. ரெண்டு டிஸ்க்கும் ஒரே பெட்டியில் இருந்தால் ரெண்டும் சாம்பல்தான்.

காகித வேலையும் உண்டு பாஸ். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, வி.பி.எஸ். கொடுப்பவர் வாடிக்கையாளரின் பேர், முகவரி, போன் நம்பர், கொடுத்த ஐ.பி., எதற்காக எடுத்தார் என்பதையெல்லாம் அவர் காலி செய்த பிறகும் அஞ்சு வருஷம் வைத்திருக்கணும். 'பிரெண்டோட பிரெண்டு' என்று எழுதி வைத்தால் செல்லாது.

இதையெல்லாம் போட்டதும் தொள்ளாயிரம் முந்நூறு ஆனது. ட்யூஷன் சார் அந்த மாச வாடகையைக் கட்ட வந்தார். வேண்டாம் என்றோம். கேட்கவில்லை, எழுநூறையும் அனுப்பிவிட்டு, அடுத்த டெஸ்ட் தேதியையும் அனுப்பியிருந்தார். எங்க ரூம் சுவரில் இப்ப ரெண்டு டைம்டேபிள் ஒட்டியிருக்கு. ஒண்ணு எங்க செமஸ்டர், இன்னொண்ணு அவரோடது.