ஒன்பதுக்கு ஒன்பது

எங்கள் கல்லூரியோடு இணைந்த சமுதாயக் கல்லூரியில் தமிழ்த்துறையினராகிய நாங்கள் வாழ்க்கைத் திறன் வகுப்புகளை எடுத்துவந்தோம். ஆண்டிறுதியில் அப்பிரிவின் தன்மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் பணியும் எங்களிடமே வந்து சேர்ந்தது. (தமிழாசிரியர் எதையும் அழகாக எழுதிவிடுவார் என்றொரு நம்பிக்கை கல்லூரிகளில் உண்டு.) செவிலியர் உதவியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்தவர்கள் 24 பேர். தேர்வெழுதியவர்கள் 9 பேர். ஒன்பது பேரும் தேறினர். தேர்ச்சி நூறு விழுக்காடு என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அதில் பொய் ஒன்றுமில்லை. படிவம் கேட்டதற்குத்தான் விடை தந்தோம்.

அந்த நூறு விழுக்காடு இன்றும் எங்களை உறுத்துகிறது. சமுதாயக் கல்லூரி என்ற ஏற்பாடே இடையில் நின்றவர்களுக்காக இங்கு வந்தது. அமெரிக்காவில் 1901 இல் ஜோலியட் நகரில் முளைத்த இவ்வெண்ணம், 1995 இல் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் 1996 இல் சென்னையிலும் நம் மண்ணில் ஊன்றப்பட்டது. பள்ளியோடு படிப்பு நின்றுபோனவர்க்கும் வசதியற்றவர்க்கும் ஒரு தொழிலையும், நாலு பேர் முன் நிமிர்ந்து பேசும் துணிவையும் தருவதே அதன் நோக்கம். இடைநின்றோருக்கென எழுந்த நிறுவனம் தன்னிடமிருந்து இடைநின்றோரைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதை என்னென்பது?

பிழை எங்களுடையது மட்டுமன்று. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பு 2017 இல் திருத்தியமைத்த படிவமும் தேர்ச்சி விழுக்காட்டை இறுதியாண்டுத் தேர்வு எழுதியோரைக் கொண்டே கணக்கிடச் சொன்னது. சேர்ந்தோரைக் கொண்டன்று. அமெரிக்காவிலோ 1990 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, முதன்முறையாக முழுநேரம் படிக்கச் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் முடித்தனர் என்பதைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்றது. ஈராண்டுப் படிப்பாயின் மூன்றாண்டு வரை காத்திருந்து கணக்கிட வேண்டும். பகுதிநேர மாணவரை அக்கணக்கு விட்டுவிடுகிறது என்ற குறை அங்கே நெடுநாள் பேசப்பட்டது. பின்னாளில் அவர்களுக்கும் தனிக் கணக்கு வந்தது. அவர்கள் முறையும் குறையற்றதன்று. ஆனால் கணக்கு சேர்க்கை நாளிலிருந்து தொடங்குகிறது. பின்னத்தில் கீழே எந்த எண்ணை வைக்கிறோம் என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் மனசாட்சி இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

அறிக்கையை அனுப்பிய பின்னர், விடுபட்ட பதினைந்து பேரையும் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தோம். பாதி எண்கள் உயிரோடில்லை. ஒருத்திக்குத் திருமணமாகியிருந்தது. வேறொருத்தி ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மருத்துவமனைப் பயிற்சி காலை ஏழு மணிக்குத் தொடங்கும். அவள் ஊரிலிருந்து முதல் பேருந்தே ஏழே காலுக்குத்தான். மூன்று நாள் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கியவள் நான்காம் நாள் போகவில்லை. "அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, சார்" என்றாள். நேரத்தை ஒரு மணி தள்ளி வைக்கும்படி மருத்துவமனையிடம் கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, எங்களுக்குத் தெரியவே தெரியாது.

படிவத்தில் பலவீனங்களை எழுதவும் ஓர் இடம் உண்டு. இடநெருக்கடி, நிதிப் பற்றாக்குறை, மாணவர்தம் பின்தங்கிய சூழல் என்று பிறர்மேல் ஏற்றக்கூடியவற்றையே அங்கு எழுதப் பழகிவிட்டோம். அந்தப் பேருந்து நேரம் எந்த அறிக்கையிலும் ஏறியதில்லை. மேலிடத்துக்குப் பதில் சொல்வதையே பொறுப்பென்று கொண்டுவிட்டோம். மாணவர்க்குப் பதில் சொல்லும் கடமை ஒன்று இருப்பதை மறந்தோம்.

நாம் கேட்பது அதிகமில்லை. சேர்ந்தோர் தொகையை வைத்துத் தேர்ச்சியைக் கணக்கிடட்டும். நின்றவர் ஒவ்வொருவரும் ஏன் நின்றார் என்பதற்கு ஒரு வரி இருக்கட்டும். அவ்வறிக்கையை அனுப்புமுன், படித்துக்கொண்டிருக்கும் மாணவர் முன்னிலையில் தமிழில் வாசித்துக் காட்டட்டும். புள்ளிகள் குறையும் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். குறையட்டுமே. இவ்வாண்டு அறிக்கையும் எங்களிடம்தான் வந்திருக்கிறது. முதல் வரியில் 24 க்கு 9 என்ற பழைய கணக்கைத் திருத்தி எழுதியிருக்கிறோம். முதல்வர் இன்னும் கையொப்பமிடவில்லை.