கண் நேரானால் போதுமா?

வாக்குக்கண் அதிர்ஷ்டம் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்று யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பிள்ளையைச் சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப் போகிறார்கள், நல்லது. ஆனால் கண் நேரானதும் அலுவல் முடிந்தது என்று நினைப்பது தவறு. கத்தி திருத்துவது தசையை. இரண்டு கண்ணின் படங்களையும் ஒன்றாக்கி ஆழத்தை உணர்வது மூளை, அது பழகவேண்டும். அமெரிக்க நரம்பு உயிரியலாளர் சூசன் பரிக்குச் சிறுவயதில் மூன்று சத்திரசிகிச்சைகள் நடந்தன. கண் நேரானது, உலகம் தட்டையாகவே இருந்தது. குழந்தைப் பருவம் கடந்தால் ஆழம் உணரும் பார்வை வராது என்றே மருத்துவ உலகம் நம்பியிருந்தது. 48 வயதில் அவர் பார்வைப் பயிற்சி தொடங்கினார். நூலில் கோத்த மணிகளை ஒவ்வொன்றாக இரு கண்ணாலும் சேர்த்துப் பார்ப்பதும் அதில் ஒன்று. ஒருநாள் காரில் ஏறியபோது ஸ்டியரிங் டாஷ்போர்டை விட்டு முன்னே எழுந்து நின்றது! 2006இல் நரம்பியல் மருத்துவர் ஒலிவர் சாக்ஸ் இதை எழுதினார். எல்லோருக்கும் இது கிட்டாது. வயதையும் கண்ணின் நிலையையும் பொறுத்தது. என்றாலும் பருத்தித்துறையிலிருந்தோ வேலணையிலிருந்தோ கிளினிக்குக்கு வரும் தாய், "டொக்டர், பிள்ளைக்கு ஆழம் தெரியுதோ?" என்று கேட்கத்தான் வேண்டும். றோட்டைக் கடக்கும்போது மோட்டார்சைக்கிள் எவ்வளவு கிட்ட வருகிறது என்று அந்தப் பிள்ளைதானே கணிக்க வேண்டும்.