வண்டி எனக் கணக்கில் வராத வண்டி

நகரப் பயணத்துக்கு மின்-பைக் வாங்குவதா, மின்-ஸ்கூட்டர் வாங்குவதா என்ற வினா நம் ஆய்வாளர் வட்டத்தில் மீண்டும் எழுந்திருக்கிறது. விடை கூறுவோர் ஏறத்தாழ அனைவரும் ஸ்கூட்டர் என்கிறார்கள். நான் மறுக்கிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பேச்சில் 'பைக்' என்றால் மோட்டார் சைக்கிள். நான் இங்கே குறிப்பது, மிதிக்கும்போது மோட்டார் துணைசெய்யும் மின்மிதிவண்டி. மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் அடங்கினால், நம் விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அன்று. ஓட்டுநர் உரிமமும் பதிவும் தேவையில்லை.

இச்சலுகைக்கு அது கொடுத்த விலை பெரிது. 2019 முதல் 2024 மார்ச் வரை நடந்த ஃபேம்-2 திட்டத்தில், குறைந்தது 40 கி.மீ. வேகம் எட்டும் இருசக்கர வாகனத்துக்கே மானியம் கிடைத்தது. 2021 ஜூனில் அது ஒரு கிலோவாட்-மணி மின்கலத்துக்கு 15,000 ரூபாயாக உயர்ந்தது. 3 கிலோவாட்-மணி மின்கலமுள்ள ஸ்கூட்டருக்கு 45,000 ரூபாய் வரை! அத்தொகைக்கு ஒரு நல்ல மின்மிதிவண்டியே வாங்கிவிடலாம். பெரிய மின்கலம் வாங்க வல்லவருக்குப் பெரிய உதவி, மிதிப்பவருக்கு ஒன்றுமில்லை. இதைப் பசுமைக் கொள்கை என்று எப்படி ஏற்பது?

இனி நம் நிலையைப் பார்ப்போம். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் தகுதியின்றி மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோர் பெறுவது 8,000. ஒரு லட்சத்தை ஒட்டிய விலையுள்ள ஸ்கூட்டரைப் பரிந்துரைப்பவர், இவர்களில் யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறார்?

மின்னேற்றும் இடமும் ஒரு சிக்கலே. காக்கநாட்டில் நான் குடியிருப்பது மூன்றாம் மாடி வாடகை அறை. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட் இல்லை. மிதிவண்டியின் மின்கலம் இரண்டு மூன்று கிலோதான். கழற்றி மேலே கொண்டுவந்துவிடலாம். பல ஸ்கூட்டர்களில் அது வண்டியோடு பிணைந்தது. வேகத்தைப் பற்றியோ, இன்ஃபோபார்க் விடும் மாலை நேரத்தில் சீபோர்ட்-ஏர்போர்ட் சாலையைக் கண்டவர்களிடம் வாதிடத் தேவையில்லை.

எதிர்வாதங்களையும் மறைக்கவில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து நாள்தோறும் காக்கநாடு வருபவருக்கும், குழந்தையைப் பின்னால் ஏற்றிச் செல்பவருக்கும் ஸ்கூட்டரே பொருத்தம். இடவப்பாதி மழையில் நனைவது இருவருக்கும் பொது. மிதிவண்டிக்குத் தனிப்பாதை இல்லாதது உண்மையான ஆபத்து. ஆனால் அது சாலையின் குற்றம், அதைச் சாலை அமைப்போரிடமே கேட்க வேண்டும்.

ஆகவே, ஐந்தாறு கி.மீ. தொலைவுக்குள் வசிக்கும் ஆய்வாளர்கள் கடனில் ஸ்கூட்டர் எடுக்குமுன் ஒருமுறை சிந்தியுங்கள். வளாகத்தில் மின்னேற்று நிலையம் கேட்டு மனு எழுதுவோர், கூரையிட்ட மிதிவண்டி நிறுத்தத்தையும் அதில் சேருங்கள். தில்லி அரசு 2022-இல் முதல் பத்தாயிரம் மின்மிதிவண்டிகளுக்குத் தலா 5,500 ரூபாய் அறிவித்தது. கேரள அரசிடமும் அதைக் கேட்போம். கொச்சி மெட்ரோ 2020 முதல் மிதிவண்டியை ரயிலில் ஏற்ற இடமளிக்கிறது. மின்மிதிவண்டிக்கும் அவ்வுரிமை உண்டென ஐயமற எழுதித் தரக் கோருவோம். மாற்றுக் கருத்துடையோர் கணக்கோடு வாருங்கள், விவாதிப்போம்.