செஞ்சி வழியே ஒரு பிரெஞ்சுப் பயணம்

பிரான்சில் லுவார் பள்ளத்தாக்கின் கோட்டைகளைப் பார்த்தபடி அட்லாண்டிக் கரைவரை கார் ஓட்டிப்போகும் தம்பதிகளைப் பற்றிப் படித்து ஏங்கும் கோலார் தங்க வயல்காரருக்கு, அப்படியொரு பாதை வாசலிலேயே தொடங்குகிறது. பேத்தமங்கலம், வி.கோட்டா தாண்டி மலைச்சாலையில் பேரணாம்பட்டுக்கு இறங்கினால் குடியாத்தம், வேலூர், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், அப்புறம் புதுச்சேரிக் கடல். பாதி வழி தாத்தா ஊர்தான். 2001இல் மூடப்பட்ட சுரங்கங்களுக்கு வட ஆற்காட்டிலிருந்து போன குடும்பங்கள் ஏராளம். ஆகவே அவருக்கு ஓர் அத்தை வீடு, அம்மாவுக்கு ஒரு சித்தப்பா வீடு என்று வண்டி நின்று நின்றுதான் போகும்; லுவார் தம்பதிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. எங்கே நேரம் போனாலும் செஞ்சியை மட்டும் விட்டுவிடக் கூடாது. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படை பிடித்த அந்தக் கோட்டை 1761 வரை பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. 2025இல் மராட்டியக் கோட்டைகளோடு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபின், பார்க்க இன்னொரு காரணமும் கிடைத்திருக்கிறது. கோட்டையின் ராஜகிரி மலை உச்சிவரை ஏற நினைப்பவர்கள், அத்தை வீட்டு மதியச் சாப்பாட்டைத் திரும்பும் வழிக்குத் தள்ளிவைப்பது நல்லது.