கரியலுக்கு ஒரு பை

2022 இல் இலங்கையில் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, சைக்கிளை மறந்திருந்த கொழும்பு உத்தியோகத்தர்கள் பலரும் அதைத் தேடி எடுத்தனர். யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டின் வாழ்க்கையே சைக்கிள் கரியலில்தான் ஓடியது. விறகு, அரிசி மூடை, நோயாளி, இடம்பெயர்ந்தோரின் உடைமை என அது சுமக்காதது எதுவுமில்லை.

ஆனால் இன்று வேலைக்குச் சைக்கிளில் செல்வோர் பலர் மடிக்கணினியையும் மதிய உணவையும் முதுகில் சுமக்கிறார்கள். நமது வெப்பத்தில் காரியாலயம் போய்ச் சேருமுன் சட்டை நனைந்துவிடும். சுமை வண்டிக்குரியது, முதுகுக்குரியதல்ல என்பதே என் கருத்து.

கரியல் பைகள் பிரதானமாக இருவகை. ஒன்று மேலே அமர்வது. மற்றையது பக்கத்தில் தொங்குவது. நான் இரண்டாவதையே ஆதரிக்கிறேன். பாரம் தாழ்ந்திருந்தால் வண்டி தள்ளாடுவது குறையும். மேலே பை இருந்தால் காலைப் பின்புறமாக வீசி ஏறுவது முதியோருக்குச் சிரமம். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் ஊரில் கரியல் இன்னொருவரின் இருக்கை. அதை நிரந்தரமாக அடைத்துவிடலாமா? ஒரு பக்கம் மட்டும் பை தொங்கினால் மறுபக்கம் கால் வைக்க இடமுண்டு. பக்கப் பை நெரிசலில் இடறும் என்பார்கள். அளவான பையொன்று கைபிடியின் அகலத்துக்கு வெளியே நீள்வதில்லை.

வாங்கும்போது அழகையும் விலையையும் மட்டும் பார்க்காதீர்கள். கரியலில் பூட்டி மிதித்துப் பாருங்கள். குதிகால் பையில் இடிக்கக்கூடாது. கொளுக்கி கம்பியின் பருமனுக்குப் பொருந்த வேண்டும். கீழேயும் ஒரு பிடி இல்லையேல் பள்ளம் திட்டியில் பை சக்கரத்தின் பக்கம் ஆடும். தொங்கும் வார் கம்பிகளில் சிக்கினால் ஆபத்து. பின்விளக்கைப் பை மறைக்கக்கூடாது. ஒளியைத் தெறிக்கும் பட்டி அவசியம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தையல் துளைகள் ஈடுகொடுக்கா. மூட்டுகள் ஒட்டப்பட்டு, வாய் சுருட்டி மூடப்படும் பையே நீரைத் தடுக்கும். ஜேர்மனியின் ஓர்ட்லீப் அவ்வகைப் பைகளுக்குப் பெயர் பெற்றது, விலைதான் அதிகம். இயலாதவர்கள் சாதாரணப் பைக்குள் தடித்த பொலித்தீன் உறையொன்றை வைத்துக்கொள்ளலாம். அதுவும் போதும்.

இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் நனைந்த கோப்புகளுடன் காரியாலயம் சென்றவர் மறுநாள் மோட்டார் சைக்கிளையே நாடுவார். எரிபொருள் தட்டுப்பாடு மீண்டும் வராது என்று யாரும் எங்களுக்கு உறுதி தரவில்லை. சைக்கிள் பழக்கத்தை விடாமல் வைத்திருக்க ஒரு நல்ல பை உதவுமானால், அதற்குச் செலவிடும் பணம் வீணல்ல.